அறிக்கையில் உள்ள எண்களில் எது காரணம், எது அடையாளம்?

ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். இடப்பக்கத்தில் உள்ள பெயர்களையும் வலப்பக்கத்தில் உள்ள இயல்பு வரம்புகளையும் விட்டுவிட்டு, நடுவில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் தேடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று இருந்துவிட்டால் கலங்கிப்போகிறார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆனால் இதயத் தமனி நோயைப் பற்றி நீண்ட காலமாகப் படித்துவருபவன் என்பது தெரிந்திருப்பதால், உறவினர்களும் நண்பர்களும் தங்கள் அறிக்கைகளை எனக்கு அனுப்பி விளக்கம் கேட்பதுண்டு. அவர்களுக்குத் துண்டுதுண்டாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்க நினைக்கிறேன்.

தடித்த எழுத்தை மட்டும் நம்புவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. பல பரிசோதனைகளில் இயல்பு வரம்பு என்பது, நலமாக இருப்பவர்களில் 95 சதவீதத்தினரின் அளவுகள் எந்த எல்லைகளுக்குள் அடங்குகின்றனவோ அந்த எல்லைகளையே குறிக்கிறது. கொலஸ்ட்ராலுக்கு இந்த முறை பொருந்தாது. ஒரு சமூகத்தில் பெரும்பாலோருக்கு அது மிகுந்திருந்தால் மிகுதியே இயல்பாகிவிடும். ஆகையால் அதற்கான வரம்புகளை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஆபத்தின் அடிப்படையில் வகுக்கின்றன. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 120 மில்லிகிராம் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்று பொதுவாகச் சொல்லப்படுவது) என்பது நோயற்ற ஓர் இளைஞருக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாக இருக்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஒருவருக்கு அது மிக அதிகம். அறிக்கையை அச்சிடும் கணினிக்கு எதிரே இருப்பவர் யார் என்பது தெரியாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. அறிக்கை எல்லா எண்களையும் ஒரே வரிசையில், ஒரே மதிப்போடு அடுக்குகிறது. அவற்றில் சில நோயை உண்டாக்குபவை. சில, நோய் நெருங்குவதை முன்கூட்டிக் காட்டுபவை. சில, உண்மையான காரணத்தோடு சேர்ந்து உயர்ந்து தாழ்பவை மட்டுமே. குடைகள் மிகுதியாகத் தென்படும் நாளில் மழை பெய்கிறது என்பதற்காக, எல்லோருடைய குடைகளையும் பறித்துக்கொண்டால் மழை நின்றுவிடாது. ஒரு ரத்தக் குறியீட்டைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி, அது நோயாளிகளிடம் மிகுந்திருக்கிறதா என்பது மட்டுமன்று. அதைக் குறைத்தால் நோய் குறைகிறதா என்பதும்தான்.

ஆபத்துக் காரணி என்ற கருத்தே அவ்வளவு பழையதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ஆம் ஆண்டு 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அக்காலத்தில் வயதுக்கேற்ப ரத்த அழுத்தம் ஏறுவது இயற்கையே என்று கருதிய மருத்துவர்கள் பலர் இருந்தனர். உயர் ரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் ஆகியவை நோய்க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தென்படுகின்றன என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது. ஆனால் இத்தகைய ஆய்வு காட்டக்கூடியது தொடர்பை மட்டுமே. தொடர்பு காரணமாக நிலைபெற வேண்டுமானால், அந்த அளவு பிறவியிலேயே கூடியோ குறைந்தோ இருப்பவர்களுக்கு என்ன நேர்கிறது, மருந்தால் அதைக் குறைத்தால் என்ன நேர்கிறது என்ற இரண்டு சான்றுகளும் வேண்டும்.

இந்த இரண்டு தேர்வுகளிலும் ஐயத்துக்கு இடமின்றித் தேறியது எல்.டி.எல். எனப்படும் குறையடர்த்தி லிப்போபுரதம், அதாவது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் ஒருவகைத் துகள். ரஷ்ய ஆய்வாளர் நிக்கொலாய் அனிச்கோவ் 1913-இல் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்து அவற்றின் தமனிகளில் கொழுப்புப் படிவுகளை உண்டாக்கிக் காட்டினார். முயலுக்கு நேர்வது மனிதனுக்கும் நேருமா என்ற ஐயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதைத் தீர்த்தவை குடும்ப வழியாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோயைப் பற்றிய ஆய்வுகள். ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கும் இந்தக் குறைபாட்டில், எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களில் போதுமான அளவில் இருப்பதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை இல்லையென்றால் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். அந்தக் குழந்தைகள் புகைபிடிப்பதில்லை, அவர்களுக்கு முதுமையும் இல்லை, மிகுந்திருப்பது எல்.டி.எல். ஒன்றுதான். அந்த ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எதிர்த் திசையில் கிடைத்த சான்று எனக்கு இன்னும் வியப்பளிப்பது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் மேற்சொன்ன ஏற்பிகளை அழிக்கும் வேலையைச் செய்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் புரதத்தின் மரபணு பழுதாகி இருப்பதால் ஏற்பிகள் மிகுதியாக நிலைத்து, எல்.டி.எல். குறைந்தே இருக்கும். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கறுப்பின மக்களில் இத்தகைய மாற்றம் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருந்தது. மருந்தால் அதே அளவு எல்.டி.எல்.-ஐ ஐந்தாண்டுகள் குறைத்தால் இவ்வளவு பெரிய பயன் கிடைப்பதில்லை. காரணம், அவர்களுக்கு அது குழந்தைப் பருவம் முதல் குறைவு. தமனிச் சுவருக்குள் நுழையும் துகள்கள் அங்குள்ள புரதங்களில் சிக்கிக்கொள்வதும், வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி நுரைபோன்ற செல்களாக மாறுவதும், அதன்மேல் நார்ப்படலம் மூடி ஒரு படிவு உருவாவதும், ஒருநாள் அந்தப் படலம் கிழிந்து ரத்தம் உறைந்து குழாய் அடைபடுவதும் பல பத்தாண்டுகளில் நடப்பவை. ஆகவே இன்றைய அளவைப் போலவே, அந்த அளவோடு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதும் முக்கியம்.

மருந்துச் சான்று 1994-இல் வந்தது. இதய நோயுள்ள 4,444 பேரிடம் நடத்தப்பட்ட ஸ்காண்டிநேவிய ஆய்வில், எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின் மருந்து இறப்பையே 30 சதவீதம் குறைத்தது. பின்னர் வந்த பல ஸ்டாட்டின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைகின்றன என்பது தெளிவாயிற்று. கொலஸ்ட்ரால் ஒரு கட்டுக்கதை என்று காணொளிகளில் பேசுவோர் இந்த மூன்று வகைச் சான்றுகளில் ஒன்றைக்கூட எடுத்து மறுப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

இங்கே ஓர் அளவியல் நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் காணும் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்பட்டதன்று. 1972-இல் ஃபிரீட்வால்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சூத்திரத்தின்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.-ஐயும், ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெற்ற கணக்கு அது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது, எல்.டி.எல். மிகக் குறைவாக இருக்கும்போதும் பிழை கூடும். அதைவிட அடிப்படையான ஒரு குறையும் உண்டு. எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்பது துகள்களுக்குள் இருக்கும் சரக்கின் எடை. தமனிச் சுவருக்குள் நுழைபவை துகள்கள். உடல் பருமனும் நீரிழிவும் உள்ளவர்களிடம் சிறிய, சரக்குக் குறைந்த துகள்கள் மிகுதியாக இருப்பதால், எடை சரியாகத் தோன்றினாலும் எண்ணிக்கை அதிகமாக இருக்கக்கூடும். இத்தகைய துகள் ஒவ்வொன்றிலும் அப்போபுரதம் பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருப்பதால், அந்தப் புரதத்தை அளந்தால் எண்ணிக்கை தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனை கிடைக்காத இடத்தில், மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் வரும் எண் பெருமளவுக்கு அதே வேலையைச் செய்யும். அதற்குத் தனிப் பரிசோதனையும் வேண்டாம், வெறும் வயிற்றோடு காத்திருக்கவும் வேண்டாம்.

இனி எச்.டி.எல். எனக்கு வரும் கேள்விகளில் அடிக்கடி இடம்பெறுவது, "எல்.டி.எல். கூடுதல்தான், ஆனால் நல்ல கொலஸ்ட்ராலும் கூடுதலாக இருக்கிறதே, ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடாதா?" என்பது. சரிக்கட்டாது. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பதை ஃபிராமிங்ஹாம் ஆய்வே காட்டியது. அந்தத் தொடர்பு உண்மை. ஆனால் எச்.டி.எல்.-ஐ உயர்த்தும் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ வெகுவாக உயர்த்தியும், அதை உட்கொண்டவர்களிடம் இறப்பு அதிகரித்ததால் 2006 டிசம்பரில் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. நியாசின் 2011-இலும், டால்செட்ராபிப் 2012-இலும் பயனற்றவை என்று தெரிந்தது. அதே 2012-இல், எச்.டி.எல். பிறவியிலேயே கூடுதலாக இருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் மாரடைப்பைக் குறைப்பதில்லை என்ற ஆய்வும் வெளிவந்தது. குறைந்த எச்.டி.எல். பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பையும், உயர்ந்த டிரைகிளிசரைடையும், புகைபிடித்தலையும், உடலுழைப்பின்மையையும் சுட்டிக்காட்டுகிறது. அதனால்தான் ஆபத்தைக் கணிக்கும் சூத்திரங்களில் அது இன்னும் இடம்பெறுகிறது. கணிப்பதற்கு ஓர் எண் காரணமாக இருக்கவேண்டியதில்லை. மாற்ற முயலும்போதுதான் அந்த வேறுபாடு வெளிப்படுகிறது.

ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கதையும் இதுவே, ஆனால் சுருக்கமானது. அது மிகுந்தால் தமனிகள் கெடும் என்று அமெரிக்க மருத்துவர் கில்மர் மெக்கல்லி 1969-இல் முன்வைத்த கருத்து பல ஆண்டுகள் புறக்கணிக்கப்பட்டுப் பின்னர் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் அந்த அளவை எளிதில் குறைத்தன. 2006-இல் வெளியான பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. இன்றும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் அதைக் காண்கிறேன். இதயத்தின் பொருட்டு அதைப் பரிசோதிக்கவேண்டிய தேவை பெரும்பாலோருக்கு இல்லை என்பது என் கருத்து.

சி.ஆர்.பி. எனப்படும் சி ரியாக்டிவ் புரதத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் இதைச் சுரக்கிறது. நுண்ணுணர்வு முறையில் அளக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குறைந்த ஆபத்து, 3-க்கு மேல் இருந்தால் கூடுதல் ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். 10-ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு தொற்றையோ காயத்தையோ காட்டுவதால், சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ பல் வலியோ இருக்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வதில் பொருளில்லை. மரபணு ஆய்வுகளின்படி சி.ஆர்.பி. தானாக நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் அதை உயர்த்தும் அழற்சிக்கு நோயில் பங்கு உண்டு என்பதை 2017-இல் ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. கொலஸ்ட்ராலைச் சிறிதும் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனாகினுமாப் என்ற மருந்து, மாரடைப்பு வந்தவர்களிடம் அடுத்த நிகழ்வுகளை 15 சதவீதம் குறைத்தது; கூடவே உயிர்க்கொல்லித் தொற்றுகளை அதிகரித்ததால் அது இந்த நோய்க்கான வழக்கமான மருந்தாகவில்லை. ஆக, இங்கே அளக்கப்படுவது காரணமன்று, காரணத்தின் அடையாளம்.

பெரும்பாலான அறிக்கைகளில் இடம்பெறாத, இடம்பெறவேண்டிய எண் ஒன்று உண்டென்றால் அது லிப்போபுரதம் (ஏ). நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்த இந்தத் துகள், எல்.டி.எல். துகளோடு இன்னொரு புரதம் பிணைந்த வடிவம். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே முடிவுசெய்கிறது; குழந்தைப் பருவத்திலேயே நிலைபெற்று வாழ்நாள் முழுவதும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு இது டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது; மாரடைப்போடு, இதயத்தின் மகாதமனி வால்வு சுருங்குவதற்கும் இது காரணமாகிறது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இதை அசைப்பதில்லை, ஸ்டாட்டினும் குறைப்பதில்லை. மாற்ற முடியாததை அளந்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. இந்த ஒன்று மிகுந்திருப்பது தெரிந்தால், மாற்றக்கூடிய மற்ற அனைத்தையும், குறிப்பாக எல்.டி.எல்.-ஐயும் ரத்த அழுத்தத்தையும், இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது விடை. உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கவும் அது வழிகாட்டுகிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019 முதல், வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அளந்துகொள்வதைக் கருத வேண்டும் என்கிறது. ஒருமுறை போதும் என்பது இதன் தனிச்சிறப்பு.

டிரைகிளிசரைடைக் குறைத்தால் இதயத்துக்கு நல்லது என்று நானும் எதிர்பார்த்திருந்தேன். நீரிழிவு உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பெமாஃபைப்ரேட் மருந்து டிரைகிளிசரைடைக் கால் பங்கு குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை. அந்த மருந்து அப்போபுரதம் பி-ஐக் குறைக்கவில்லை என்பதைப் பார்த்தால் காரணம் புரிகிறது: துகள்களின் எண்ணிக்கை மாறாமல் சரக்கு மட்டும் மாறியிருக்கிறது. டிரைகிளிசரைடு 500-ஐ மிகவும் தாண்டிச் செல்லும்போது கணைய அழற்சி வரக்கூடும் என்பதால் அதைக் குறைக்கவேண்டிய தேவை தனியே இருக்கிறது.

ரத்தச் சர்க்கரையின் நிலை இன்னும் நுட்பமானது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 6.5 சதவீதத்தை எட்டினால் நீரிழிவு, 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. ரத்தசோகையோ ஹீமோகுளோபின் மாறுபாடோ உள்ளவர்களிடம் இந்த எண் தவறாகக் காட்டக்கூடும். நீரிழிவு மாரடைப்புக்கான வலுவான ஆபத்துக் காரணி என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், எச்.பி.ஏ.1சி.-ஐ 6-க்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக முயன்ற பிரிவில் இறப்பு அதிகரித்ததால் அந்தப் பிரிவு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2015-இலும் 2016-இலும் வெளியான ஆய்வுகளில் எம்பாகிளிஃப்லோசின், லிராகுளுடைடு போன்ற மருந்துகளோ, சர்க்கரையை ஓரளவே குறைத்தும் இதய நோயால் வரும் இறப்பைக் குறைத்தன. எண் எவ்வளவு இறங்கியது என்பதோடு, எந்த வழியில் இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நேரம் ரத்தத்தைப் பற்றியே எழுதினாலும், ஆபத்தின் பெரும்பகுதி ஊசியில் வருவதில்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களிடம் 90 சதவீதத்தையும் பெண்களிடம் 94 சதவீதத்தையும் ஒன்பது காரணிகளால் விளக்க முடிந்தது என்று கண்டது. அவற்றில் கொழுப்புத் துகள்களின் விகிதமும் நீரிழிவும்தான் ரத்தத்தோடு தொடர்புடையவை. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனிகளை உண்ணாமை, உடலுழைப்பின்மை, மது ஆகியவை பற்றி எந்த ஆய்வக அறிக்கையும் பேசுவதில்லை. எண்கள் எல்லாம் இயல்பு என்று மகிழ்ச்சியோடு அனுப்பிய ஒருவரிடம் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், பல நேரங்களில் பதில் வருவதில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற எளிய பரிசோதனையும் இதேபோல் மறக்கப்படுகிறது. சிறுநீரக நோய் இதய நோயின் வலுவான முன்னோடிகளில் ஒன்று.

ஆபத்துக் கணிப்பான்கள் இவற்றையெல்லாம் சேர்த்து அடுத்த பத்தாண்டுகளுக்கான ஒரு சதவீதத்தைத் தருகின்றன. பயனுள்ளவைதான், ஆனால் அவற்றில் வயதே பெரும் எடை பெறுவதால், 35 வயதில் எல்.டி.எல். 180 உள்ள ஒருவருக்குக் கிடைப்பது ஆறுதலான ஒரு சிறிய எண்ணாக இருக்கும். பத்தாண்டுகளுக்கு அது சரியான கணிப்பே. முப்பது ஆண்டுகளுக்குச் சரியன்று. மேலும், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் சுட்டிக்காட்டியதுபோல, மிகுந்த ஆபத்துள்ள சிலரைவிட நடுத்தர ஆபத்துள்ள பலரிடமிருந்தே மொத்த மாரடைப்புகளில் பெரும்பங்கு வருகிறது. எண் எதுவும் தடித்த எழுத்தில் இல்லாதவர்களுக்கும் மாரடைப்பு வருவதைக் கண்டு பரிசோதனையே பொய் என்று முடிவுகட்டுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

டிரோப்போனின் பற்றியும் ஒரு சொல். இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு மாரடைப்பா என்பதை உறுதிசெய்ய, சில மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்ப அளக்கப்படுகிறது. வலி இருக்கும்போது வெளியே ஓர் ஆய்வகத்தில் இதைக் கொடுத்துவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருப்பது ஆபத்தானது.

அறிக்கை அனுப்புபவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பவை வேறு. தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்ததா, புகைப்பழக்கம் உண்டா, ரத்தம் கொடுத்த வாரத்தில் உடல்நலம் சரியாக இருந்ததா, எல்.டி.எல். திடீரென ஏறியிருந்தால் தைராய்டு பரிசோதித்தாயிற்றா. கடுமையான நோயின்போதும் மாரடைப்புக்குப் பிந்தைய நாட்களிலும் கொலஸ்ட்ரால் தாழ்ந்துவிடும் என்பதால், அப்போது எடுத்த அளவை வழக்கமான அளவாகக் கொள்ளக் கூடாது. நலமாக இருக்கும்போதும் ஒரே மனிதரிடம் வாரத்துக்கு வாரம் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும். ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன் இன்னொரு முறை அளக்க மருத்துவர் சொன்னால் அது தயக்கமன்று. கடைசியாக, பழைய அறிக்கைகளையும் அனுப்பச் சொல்கிறேன்: 45 வயதில் 150 ஆக இருக்கும் எல்.டி.எல். 25 வயதிலும் 150 ஆகத்தான் இருந்தது என்றால், அந்தத் தமனிகளைப் பற்றி இன்றைய தாள் மட்டும் சொல்வதைவிட அது அதிகம் சொல்லிவிடுகிறது.